ஒரு குடம் தண்ணீரும் அரை மணி நேரமும்



உங்கள் ஜெபங்களினாலும் காணிக்கைகளினாலும் இந்த ஆஸ்பத்திரியின் ஊழியம் தடையின்றி நடந்து வருகிறது. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஏதாவது ஒரு நோயைப் பற்றி உங்களுக்கு விளக்கி எழுதுகிறோம். காசநோய், சர்க்கரை நோய், பாம்புக்கடி என்று பலவற்றை எழுதியிருக்கிறோம். இம்முறை எழுதப்போகும் நோய்க்குக் கிருமி கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. அதற்கான முக்கியமான மருந்து கிணற்றிலும் குழாயிலும் இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் நமது திண்டுக்கல் சமவெளியின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைக்கிறவர்களை அது தாக்குகிறது. அதுதான் வெப்ப நோய்.

இரண்டு நோயாளிகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், நூல் மில் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை வேனில் கொண்டுவந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். முதல் நாளே தலைவலி என்று சொன்னாளாம். இரண்டாம் நாள் வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் மதியம் மெஷின் அருகே நின்றபடி சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாள். பேய் பிடித்ததோ என்று சிலர் பயந்தார்கள், வலிப்பு என்று சிலர் நினைத்தார்கள். விடுதி அறையில் ஒரு மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, பிறகு எங்களிடம் கொண்டுவந்தார்கள். வந்தபோது அவள் கழுத்து வரைக்கும் போர்வை சுற்றியிருந்தது.

“உடம்பு நெருப்பா கொதிச்சுச்சு டாக்டர். காய்ச்சல்னு நெனச்சோம். காத்துப் பட்டா ஜன்னி வந்துரும்னு போத்திக் கொண்டாந்தோம்” என்றார் கூட வந்த அக்கா ஒருவர். அவர் அன்போடு செய்த காரியம் அது. பரிசோதித்தபோது உடலின் உள்வெப்பம் 107 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தது. உடனே குளிரவைத்தோம். எங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்தோம். ஆனால் அதற்குள் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் வெந்துபோன நிலைக்கு வந்துவிட்டன. நான்காம் நாள் அதிகாலையில் அந்தப் பிள்ளை இறந்துபோனாள்.

அடுத்த ஆண்டு கத்திரி வெயில் நாட்களில், பித்தளை உருக்கும் சிறிய பூட்டுப் பட்டறை ஒன்றில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரர் விழுந்துவிட்டார். அவரும் அதேபோல் உளறினார், உடம்பும் அதேபோல் கொதித்தது. ஆனால் அந்தப் பட்டறையின் வயதான காவல்காரர் அதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் செவிலியர் நடத்திய கூட்டத்துக்கு வந்திருந்தவர். அவர் யாரையும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் அந்த மனிதரைக் கிடத்தி, குடம் குடமாக ஊற்றினார். பக்கத்தில் நின்ற பையனை அட்டையால் விசிறச் சொன்னார். அரை மணி நேரம் கழித்துத்தான் ஆட்டோவில் ஏற்றினார். எங்களிடம் வந்தபோது வெப்பம் 102க்கு இறங்கியிருந்தது. கொஞ்சம் குழப்பத்தோடு இருந்தாலும் தன் பேரைச் சொன்னார். ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

இருவருக்கும் வந்தது ஒரே நோய். பின்னவருக்கு நாங்கள் கொடுத்த மருந்து எதுவும் முன்னவளுக்குக் கொடுத்ததைவிட உயர்ந்ததல்ல. அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காத அரை மணி நேரம் அவருக்குக் கிடைத்தது. இந்த மடலில் நாங்கள் சொல்ல விரும்புவது இதைத்தான்: இந்த நோயில் உயிர் காப்பாற்றப்படுவதோ இழக்கப்படுவதோ ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

உடம்பு எப்படிச் சூடாகிறது?

நம் உடம்பு சும்மா இருக்கும்போதும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. கடினமாக வேலை செய்யும்போது அது பல மடங்கு பெருகுகிறது. அந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். வெளியே குளிர்ச்சியாக இருந்தால் தோல் வழியாகத் தானே போய்விடும். வெளிக்காற்று உடம்பின் வெப்பமாகிய 37 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. பிறகு மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான்.

மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், காற்றில் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வையும் அப்படியே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். ஆனால் ஐப்பசி அடைமழையில் அதே பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கசிந்த நீர் ஆவியாக இடமில்லை. மனித உடம்புக்கும் இதே விதிதான். ஈரக்காற்றில் வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். விழுந்த வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதனால் உடம்பு நீரையும் உப்பையும் இழக்கிறதே தவிர, சூட்டை இழப்பதில்லை.

வெயிலில்லாத இடத்தில் வெப்ப நோய்

திண்டுக்கல்லின் வெயில் ஊரறிந்தது. மேற்கே கொடைக்கானல் மலையும் தெற்கே சிறுமலையும் குளிர்ந்து கிடக்க, இடையில் இருக்கும் சமவெளி சித்திரை வைகாசியில் பாறை போலக் காய்கிறது. ஆனால் எங்களிடம் வரும் வெப்ப நோயாளிகளில் பலர் அன்றைக்கு வெயிலில் நிற்கவே இல்லை. கூரைக்குக் கீழே வேலை செய்தவர்கள் அவர்கள். இது பலருக்கு வியப்பாக இருக்கும்.

வேடசந்தூர், வடமதுரை, எரியோடு பக்கங்களில் சாலையின் இருபுறமும் நீங்கள் காணும் நூல் மில்களை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு உலர்ந்தால் இழை அறுந்துவிடும். ஆகையால் ரிங் பிரேம், கோன் வைண்டிங் போன்ற பிரிவுகளில் காற்றின் ஈரப்பதத்தை ஏறக்குறைய 55 முதல் 65 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். இதற்கென்றே நீர்த்துளிகளைக் காற்றில் தெளிக்கும் இயந்திரங்கள் உண்டு. நூற்றுக்கணக்கான மோட்டார்கள் ஓடும் சூடும் அந்த அறைக்குள்ளேயே சேருகிறது. இழைக்கு நல்லதாக இருக்கும் அந்தக் காற்று, அதை நூற்கும் பிள்ளைக்கு நல்லதாக இல்லை. அவள் தன் பக்கத்து மெஷின்களைப் பார்த்துக்கொண்டு, அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டு, ஒரு ஷிப்டில் பல கிலோமீட்டர் நடக்கிறாள்.

பூட்டுப் பட்டறையிலும் வார்ப்பு அடுப்பிலும் கதை வேறு. அங்கே ஈரம் குறைவு, ஆனால் அனல் அதிகம். பித்தளை உருக 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்த உலையின் முன் நிற்பவரின் மேல் வெப்பம் அலையலையாக வந்து விழுகிறது. தோல் பதனிடும் இடங்களிலும், சாயப்பட்டறை, அரிசி ஆலைகளின் பாய்லர் அருகிலும், செங்கல் சூளைகளிலும் வெவ்வேறு அளவில் இதே நிலைதான்.

இந்தப் பிரச்சினை புதியதல்ல. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் நெசவாலைகளுக்குள் நீராவியைப் பாய்ச்சி நூல் அறுபடாமல் பார்த்துக்கொண்டார்கள். அதனால் தாங்கள் படும் அவதியைத் தொழிலாளர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, ஆலைக்குள் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு 1889இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 1905இல் ஜே.எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார். சாதாரண வெப்பமானி காட்டும் அளவைவிட, குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவே மனிதனுக்கு முக்கியம் என்றார். காற்று அசையாத இடத்தில் ஈரக்குமிழின் அளவு சுமார் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சும்மா இருக்கிறவரின் உடல் வெப்பமும் ஏறத் தொடங்கும் என்று கண்டறிந்தார். வானொலியும் செய்தித்தாளும் சொல்லும் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஆலைக்குள் இருக்கும் ஆபத்தை அளக்க முடியாது என்பது இதனால் விளங்கும்.

முதல் வாரத்தின் ஆபத்து

அந்தப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள் விழுந்தாள் என்று எழுதினேன். அது தற்செயலானதல்ல. வெப்பத்தில் உழைக்க உடம்பு பழகிக்கொள்ள ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகும். அந்த நாட்களில் வியர்வை சீக்கிரமாகச் சுரக்கக் கற்றுக்கொள்கிறது, வியர்வையில் போகும் உப்பு குறைகிறது, இரத்தத்தின் நீரளவு கூடுகிறது, இருதயத்தின் பாரம் தணிகிறது. இந்தப் பழக்கம் வருமுன் முழு வேலையையும் தலைமேல் சுமத்தினால் உடம்பு தாங்காது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறை கணக்கிட்டபடி, அந்நாட்டில் வெப்பத்தால் வேலையிடத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வேலையின் முதல் நாளிலேயே இறந்திருக்கிறார்கள். முதல் வாரத்துக்குள் இறந்தவர்கள் 70 சதவீதத்துக்கும் மேல்.

அதனால் அவர்கள் சொல்லும் விதி எளிமையானது. புதிதாக வந்தவருக்கு முதல் நாள் அந்தச் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வேலை. பின் நாளுக்கு நாள் ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தவரும், ஊர்த் திருவிழாவுக்குப் போய் நெடுநாள் கழித்துத் திரும்பியவரும் இந்த விஷயத்தில் புதியவர்களே. உடம்பு பெற்ற பழக்கம் சில வாரங்களில் போய்விடும். இன்று நமது மில்களுக்குப் பீகார், ஒடிசா போன்ற தூர தேசங்களிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து, மறுநாளே ஷிப்டில் நிற்கும் பிள்ளைகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளங்கள்

வெப்ப நோய் படிப்படியாக வரும். முதலில் கால், வயிற்றுத் தசைகளில் பிடிப்பு. அடுத்தது வெப்பச் சோர்வு: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை, களைப்பு. இந்நிலையில் உள்ளவர் தெளிவாகப் பேசுவார். அவரை நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உடம்பை நனைத்து, உப்பிட்ட மோரோ உப்புச்சர்க்கரைக் கரைசலோ கொடுத்தால் தேறிவிடுவார். ஆனால் அன்றைக்கு மறுபடியும் வேலைக்கு அனுப்பக்கூடாது.

மூன்றாவது நிலைதான் ஹீட் ஸ்ட்ரோக் என்று சொல்லப்படும் வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுகிறது. அத்துடன் புத்தி தடுமாறுகிறது. உளறல், கோபம், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் எதுவும் வரலாம். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுகிறவரின் தோல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். சூடான இடத்தில் வேலை செய்தவர் உளறினால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதத்தில் இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் சூனேமியாளின் மகனைப் பற்றி வாசிக்கிறோம். அறுப்பு வயலில் தகப்பனிடம் போன சிறுவன் தலைவலியால் கதறினான், மத்தியானம் வரை தாயின் மடியிலிருந்து இறந்துபோனான். அது வெப்பத் தாக்காக இருக்கலாம் என்று மருத்துவர் பலர் கருதியிருக்கிறார்கள். காலையில் நலமாக வேலையிடத்துக்குப் போன பிள்ளை மத்தியானத்துக்குள் மறைந்துபோகும் துக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எலிசாவின் ஜெபத்தால் அந்தத் தாய் தன் மகனை உயிரோடு திரும்பப் பெற்றாள். நம் கையில் ஜெபமும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது.

முதலில் குளிரவைத்தல், பிறகு வண்டி

வெப்பத் தாக்கு வந்தால் செய்ய வேண்டியவற்றை வெட்டி எடுத்து வேலையிடத்தில் ஒட்டிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. சூடான இடத்திலிருந்து வெளியே கொண்டுபோங்கள். மேலாடைகளைத் தளர்த்துங்கள். பெண்பிள்ளையானால் பெண்கள் சூழ்ந்து நின்று மறைத்துக்கொள்ளுங்கள். வெட்கத்தினால் தாமதம் வேண்டாம்.

2. அந்த இடத்திலேயே தண்ணீரால் உடம்பு முழுவதையும் நனையுங்கள், ஓயாமல் விசிறுங்கள். தொட்டி இருந்தால் தலை மேலே இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்துங்கள். தொட்டி இல்லையானால் தார்ப்பாயில் படுக்கவைத்து, நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, அதற்குள் தண்ணீரையும் ஐஸையும் ஊற்றலாம். ஐஸ் கொஞ்சமே இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள்.

3. ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும். வண்டி வரும்வரை குளிரவைப்பதை நிறுத்தாதீர்கள். வழியிலும் ஜன்னல்களைத் திறந்து நனைத்துக்கொண்டே வாருங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தை 102 டிகிரி பாரன்ஹீட் அளவுக்கு இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

4. நினைவு தடுமாறியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

5. காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். காய்ச்சலில் உடம்பு தானே தன் வெப்ப அளவை உயர்த்துகிறது, மாத்திரை அதை இறக்குகிறது. வெப்பத் தாக்கில் உடம்பு சூட்டிடம் தோற்றுப்போயிருக்கிறது. மாத்திரையால் பயனில்லை. ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்குக் கேடாகவும் முடியலாம்.

தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சாதாரணக் காய்ச்சல்காரரைப் பற்றி அவர்களுக்கு இருந்த பயம் அது. வெப்பத் தாக்கில் ஜன்னியைப் போலத் தோன்றும் பிதற்றலை உண்டாக்குவதே சூடுதான். அதைத் தணிப்பது தண்ணீர்.

மெதுவாக வரும் சேதம்

விழாமல் வேலை செய்கிறவர்களுக்கும் வெப்பம் தீங்கு செய்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியை வித்யா வேணுகோபாலும் உடன் ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் உழைப்பாளிகளிடையே இதை ஆராய்ந்து வருகிறார்கள். 2017 முதல் 2020 வரை ஏழு உப்பளங்களில் 352 பேரைப் பரிசோதித்ததில், பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தது தெரிந்தது. நூற்றுக்கு ஏழு பேர் அளவில் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. 2024இல் வெளியான அவர்களுடைய மற்றொரு ஆய்வில், தமிழ்நாட்டில் வேலை செய்யும் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது.

இங்கே ஒரு காரியத்தைத் தயக்கத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்குச் சிறுநீர்க் கடுப்போடு வரும் மில் பெண்களிடம், “ஏம்மா, வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பே?” என்று கேட்டால், பலர் சிரித்துவிட்டுத் தலைகுனிவார்கள். ஒருத்தி சொன்னாள்: “தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் டாக்டர். ரெண்டாவது தடவை கேட்டா மேஸ்திரி ஒரு மாதிரி பாப்பாரு. குடிக்காமலே இருந்துருவோம்.” குடிநீர்க் குழாய் இருந்தால் மட்டும் போதாது, கழிப்பறைக்குப் போகும் சுதந்தரமும் இருந்தால்தான் அந்தத் தண்ணீர் பயன்படும்.

இரவும் ஒரு காரணம். பகலில் ஏறிய சூட்டை உடம்பு இரவில் இறக்கிவைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ், விடியும்வரை அனல் வீசும் ஓர் அறையில் ஆறேழு பேர் படுத்தெழுந்தால், மறுநாள் வேலைக்குப் போகும்போதே பாதிக் களைப்பு மிச்சமிருக்கும். மதுப்பழக்கமும், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில நீர்ப்பெருக்கி மாத்திரைகளும், சில அலர்ஜி மாத்திரைகளும், மனநோய்க்கான சில மருந்துகளும் ஆபத்தைக் கூட்டும். மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம், கோடைக்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

உலகளவில் பார்த்தால், சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, ஏறக்குறைய 241 கோடித் தொழிலாளர்கள் தங்கள் வேலையில் அளவுக்கு மிஞ்சிய வெப்பத்துக்கு உட்படுகிறார்கள் என்றும், ஆண்டுதோறும் 18,970 பேர் அதனால் இறக்கிறார்கள் என்றும் மதிப்பிடுகிறது. நமது மாநில அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு வழிசெய்தது.

ஆலை நடத்தும் சகோதரருக்கு

இந்த மடலை வாசிக்கிறவர்களில் மில் நடத்துகிறவர்களும், பட்டறை வைத்திருக்கிறவர்களும், மேலாளர்களும் உண்டு. உங்களில் பலர் இந்த ஆஸ்பத்திரிக்குத் தாராளமாய்க் கொடுத்து வருகிறீர்கள். குற்றஞ்சாட்டும் எண்ணத்தோடு நாங்கள் இதை எழுதவில்லை. தன் ஆலையில் ஒருவர் விழுந்த அன்று இரவு முழுவதும் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து அழுத முதலாளியையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

சட்டம் இதை எப்போதோ யோசித்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் காற்றோட்டத்துக்கும் வெப்பநிலைக்கும் 13ஆம் பிரிவு, செயற்கையாக ஈரமூட்டும் ஆலைகளுக்கென்று 15ஆம் பிரிவு, குடிநீருக்கு 18ஆம் பிரிவு எனத் தனித்தனியே இருந்தன. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடைக்காலத்தில் குளிர்ந்த குடிநீர் கொடுக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் காற்றோட்டம், வெப்பநிலை, ஈரப்பதம், குடிநீர் ஆகியவற்றை வேலை கொடுப்பவரின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது.

சட்டத்துக்கு மேல் நாங்கள் கேட்பது ஐந்து காரியங்கள். புதியவர்களுக்கு முதல் வாரம் குறைந்த வேலை. கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், அதைக் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் யாரிடமும் கெஞ்சத் தேவையில்லாத நிலை. மதிய வேளையில் கூடுதலாக ஒரு சிறு ஓய்வு. இருவர் இருவராக ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு. கடைசியாக, “தலை சுத்துது” என்று சொல்கிறவரைச் சோம்பேறி என்று ஏசாத மேஸ்திரி. அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை முதல் நாளே சொன்னாள் என்பதை மறக்க எங்களால் முடியவில்லை.

இதனால் உற்பத்தி குறையும் என்று நினைக்க வேண்டாம். வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் அளவுகோலில் 20 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உழைப்பின் பயன் 2 முதல் 3 சதவீதம் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் 2025இல் எடுத்துரைத்தன. சூடு ஏற்கெனவே உங்கள் உற்பத்தியைத் தின்றுகொண்டிருக்கிறது. ஓய்வும் தண்ணீரும் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும்.

உங்கள் காணிக்கையால் நடப்பது

மாசி பிறந்ததும் எங்கள் செவிலியர் இருவர் இருவராக ஆலை வாசல்களுக்கும் பட்டறைகளுக்கும் விடுதிகளுக்கும் போகிறார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் இருபது நிமிடம் பேசுவார்கள். ஒரு பையனைத் தரையில் படுக்கவைத்து, தார்ப்பாய் முறையைச் செய்து காட்டுவார்கள். முதலில் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு தாங்களே முன்வந்து ஓரத்தைப் பிடிப்பார்கள். இந்தி பேசும் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஒரு சகோதரி உதவுகிறார். திரும்பும்போது ஒரு தார்ப்பாய், இரண்டு வாளி, உப்புச்சர்க்கரைப் பொட்டலங்கள், ஒரு விளக்கத்தாள் ஆகியவற்றை அங்கே விட்டு வருகிறார்கள். அந்தக் காவல்காரத் தாத்தா கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான்.

ஒரு ஸ்கேன் கருவி வாங்கினோம் என்றால் உங்களிடம் படம் அனுப்பலாம். தார்ப்பாயையும் வாளியையும் படமெடுத்து அனுப்புவது எங்களுக்கே சற்றுக் கூச்சமாயிருக்கிறது. ஆனால் உங்கள் காணிக்கைகளில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகமாய் உயிர் காப்பவற்றில் இதுவும் ஒன்று என்று மனதார எழுதுகிறோம். நம் ஆண்டவர் சிறியவர்களில் ஒருவனுக்குக் கொடுக்கப்படும் ஒரு கலசம் தண்ணீரையும் கணக்கில் வைக்கிறவர். அது குடிக்கக் கொடுத்த தண்ணீரானாலும் சரி, தலையில் ஊற்றிய தண்ணீரானாலும் சரி.

ஜெபிக்க வேண்டிய காரியங்கள்

இந்தக் கோடையில் ஆலைகளிலும் சூளைகளிலும் உழைக்கும் யாவருக்காகவும், விசேஷமாகப் புதிதாய் வேலைக்குச் சேரும் இளம்பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள்.

மகளை இழந்த அந்தக் குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபியுங்கள்.

வெயிலில் நடந்து ஆலை வாசல்களுக்குப் போகும் எங்கள் செவிலியரின் சுகத்துக்காகவும், அவர்களுக்குக் கதவு திறக்கப்படவும் ஜெபியுங்கள்.

உங்கள் சபையிலேயே ஆலைத் தொழிலாளர்கள் இருப்பார்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களில் ஒருவரிடம், “வேலை செய்யுற இடத்துல தண்ணி கிடைக்குதாய்யா?” என்று கேளுங்கள். இந்த மடலை அவர் கையில் கொடுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள்